ரெண்டு மணிச் சங்கு வரைக்கும்

வளர்ச்சி என்றால் பணம் மட்டும் இல்லை என்று யாராவது சொல்லக் கேட்டால் எனக்கு இப்போதும் கோபம் வரும். சொல்பவர்கள் நல்லவர்கள்தான். ஓய்வு பெற்ற டீச்சர் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, முன்வரிசையில் உட்காரவைத்து, கையில் ஒரு பிஸ்கட் தட்டையும் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடிப்பார்கள். ஆரோக்கியம், படிப்பு, நல்ல தண்ணீர், பெண்கள் வாய் திறந்து பேச ஒரு இடம், இதெல்லாம் சேர்ந்ததுதான் வளர்ச்சி என்பார்கள். நானும் தலையாட்டுவேன். உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருப்பேன். இதே பேச்சை நான் பதினாலு வயதில் கேட்டாயிற்று. எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வெள்ளைக்கார அம்மா சொன்னார். என் அம்மா அவருக்கு எதிரில் நின்று கேட்டாள். அம்மாவின் இடது மார்பில் அப்போது ஒரு கட்டி இருந்தது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு லைனில் எங்கள் வீடு. லைன் என்றால் சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் ஆறாவது வீட்டில் தும்முவார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனாவுக்கு அடியில் வேலை. காலையில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி பூமிக்குள் போனால், ரெண்டு மணிச் சங்கு ஊதின பிறகுதான் மேலே வருவார். அது பகல் ஷிஃப்ட். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். நைனா எந்த ஷிஃப்டோ அதுதான் எங்கள் வீட்டுக்குக் காலை, மாலை, ராத்திரி எல்லாம்.

லைன் பெண்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. வீட்டு ஆம்பளை அடியில் இருக்கும்போது வீட்டில் குறை பேசக்கூடாது. அவர் வாசல் தாண்டியதிலிருந்து, திரும்பி வந்து முகத்தைக் காட்டுகிற வரைக்கும் நோய் என்றோ, இல்லை என்றோ வாயில் வரக்கூடாது. குழந்தை விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டுதான் மஞ்சள் வைப்பார்கள். யார் போட்ட சட்டமோ தெரியாது. ஆனால் அதை மீறினவள் என்று எங்கள் எதிர்வீட்டு அக்காவைக் காட்டுவார்கள். அவள் ஒரு நாள் புருஷன் வேலைக்குக் கிளம்பும்போது, "வூட்ல ஒரு மணி அரிசி இல்ல, நீ பாட்டுக்குப் போற" என்று பின்னாலிருந்து கத்தியிருக்கிறாள். அன்றைக்கு அடியில் ஏர்பிளாஸ்ட் ஆகிப் பாறை வெடித்து இறங்கியது. புருஷன் மேலே வரவில்லை. அதற்கப்புறம் அந்த அக்கா யாரோடும் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவளைப் பார்த்துப் பார்த்தே மற்றப் பெண்கள் வாயை மூடக் கற்றுக்கொண்டார்கள்.

கட்டியை அம்மா எனக்குக் காட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நைனா ராபர்ட்சன்பேட்டை கடைவீதிக்குப் போயிருந்தார். குளிக்கிற மறைவிலிருந்து அம்மா கூப்பிட்டாள். முதுகு தேய்க்கத்தான் என்று போனேன். என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்து, "தோ, இங்க அமுக்கிப் பாரு" என்றாள். தோலுக்கடியில் ஒரு வேர்க்கடலை மாதிரி தட்டுப்பட்டது. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிச்சாலும் தேவல. வலிக்கவே மாட்டேங்குது" என்றாள். அம்மாவின் முகத்தில் நான் அதுவரை பயத்தைப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி இருந்தது. கைராசிக்கார டாக்டர் இருந்தார். ஆனால் அவர் ஆம்பளை. அவர் முன்னால் ரவிக்கையை அவிழ்ப்பதா என்று அம்மா கேட்டாள். நைனாவிடம் சொல்லலாமே என்றேன். அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள். "மனசுல இத வச்சிக்கினு அடியில எறங்குனாருன்னா கை கால் சொன்னபடி கேக்குமா? நெனப்பு இங்க இருக்கும், பாறை தலைமேல இருக்கும்" என்றாள். ஒரு பொம்பளை டாக்டர் வந்தால் காட்டலாம், அதுவரை பேச்சு மூச்சு கூடாது என்று முடிவாயிற்று. நாங்கள் இரண்டு பேரும் அதைச் சட்டியில் மூடி வைத்த மாதிரி வைத்திருந்தோம்.

சில வாரம் கழித்து லைனில் தண்டோரா போடாத குறையாகச் செய்தி வந்தது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஏழை நாட்டு ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். கூலி எவ்வளவு என்று கேட்கமாட்டார்களாம், மற்றதெல்லாம் கேட்பார்களாம். கூட பெங்களூரிலிருந்து ஒரு லேடி டாக்டர் வருகிறார், பெண்களுக்கு உடம்பில் ஏதாவது இருந்தால் பார்த்துச் சொல்லுவார். வருகிற சனிக்கிழமை.

அம்மா அன்றைக்கு அடுப்படியில் பாட்டு முணுமுணுத்தாள். ஏனென்றால் அந்த வாரம் நைனாவுக்கு நைட் ஷிஃப்ட். சனிக்கிழமை பகலில் அவர் மேலே, வீட்டிலேயே, போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். அம்மா எதிர்வீட்டில் வைத்து டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், சட்டமும் மீறாது, நைனாவுக்கும் தெரியாது. சாமியே பார்த்துச் செய்த ஏற்பாடு என்று அம்மா நம்பினாள். முறுக்கு சுட்டாள். நாற்காலிக்கு ஆணி அடிக்கச் சொன்னாள். கிழியாத ரவிக்கை ஒன்றைத் துவைத்து மடித்து வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் ஒரு பியூன் சைக்கிளில் வந்து, ஜீப் ரிப்பேர், திங்கட்கிழமைதான் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். திங்கட்கிழமை ஷிஃப்ட் மாறுகிற நாள். நைனா பகல் ஷிஃப்டுக்குப் போய்விடுவார். அம்மா முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஞாயிறு சாயங்காலம் நைனாவுக்குச் சோறு போடும்போது மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கு ஒரு நாள் லீவு போடறீங்களா?"

"இன்னாத்துக்கு?"

"சொம்மாதான்."

நைனா சிரித்தார். "சொம்மா லீவு போட நான் இன்னா தொரையா?" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? அம்மாவும் சிரித்தாள்.

திங்கட்கிழமை நைனா இறங்கிய பிறகு, வெயில் நன்றாக ஏறின நேரத்தில் அவர்கள் வந்தார்கள். வெள்ளைக்கார அம்மா உயரமாக, வியர்த்து விறுவிறுத்து, சிரித்த முகமாக இருந்தார். டாக்டரம்மா வெள்ளைப் புடவை, கையில் கடிகாரம், திருத்தமான தமிழ். வெள்ளைக்கார அம்மா கேட்பதை இவர் தமிழில் சொல்லுவார். அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடம் மட்டம். நான் சுவரோரம் நின்றேன். எதிர்வீட்டு அக்காவும் வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் வெள்ளைக்கார அம்மா ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். டாக்டரம்மா சொன்னார்: "நாங்க பணத்தப் பத்திக் கேட்க வரலைம்மா. ஒரு நாடு முன்னேறிடுச்சான்னு பார்க்கப் பணத்த மட்டும் பார்த்தாப் போதாது. நீங்க ஆரோக்கியமா இருக்கீங்களா, பயமில்லாம இருக்கீங்களா, மரியாதையா வாழறீங்களா, அதுதான் எங்களுக்குத் தெரியணும். மனசுல இருக்கிறத எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

இவ்வளவு அழகாக எங்கள் லைனில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அம்மா கையைக் கட்டிக்கொண்டு, "கேளுங்கம்மா" என்றாள்.

குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறதா?

"பேத்தமங்களா ஏரித் தண்ணி, தேன் மாதிரி. நெறைய வருது."

அன்று விடியற்காலை அதே குழாயடியில் குடம் வைக்கிற தகராறில் அம்மாவின் வளையல் உடைந்திருந்தது.

பெண்களுக்குக் கழிப்பிடம் இருக்கிறதா, இருட்டில் போகப் பயமில்லையா?

"நல்ல வசதி. இன்னா பயம்?"

லைன் கடைசியில் கதவில்லாத அந்த இடத்துக்குப் போக, அம்மா என்னைக் காவலுக்குக் கூட்டிப்போவாள்.

சயனைடு மலையிலிருந்து தூசி வருகிறதா? அது தங்கம் எடுத்த பிறகு கொட்டின மண் குன்று, காற்றடித்தால் சோற்றில்கூட நறநறவென்று கடிபடும். "காத்து நல்லா வருதும்மா" என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. வெள்ளைக்கார அம்மாவோ பதிலுக்குப் பதில் முகம் மலர்ந்து எழுதிக்கொண்டே போனார். இப்படி ஒரு சந்தோஷமான ஜனங்களை அவர் எங்கேயும் பார்க்கவில்லையாம். டாக்டரம்மா அதையும் தமிழில் சொன்னார்.

வீட்டில் யாருக்காவது நோய் உண்டா என்று கேட்டபோது நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்க்காமலே, "போடி, காப்பிக்குத் தண்ணி வை" என்றாள். எதிர்வீட்டு அக்கா வாசலில் முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். அவளைப் பார்த்ததும் என் வாயும் தானாக மூடிக்கொண்டது.

அம்மாவின் எண்ணம் எனக்கு, தட்டி வைத்து மறைத்த அடுப்படியில்தான் புரிந்தது. ரெண்டு மணிச் சங்கு ஊதி நைனா தெருமுனையில் தலை காட்டுகிற வரைக்கும் இவர்களை உட்காரவைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் நாக்கை அவிழ்த்துவிடலாம். அப்போது பன்னிரண்டு இருக்கும்.

காப்பி கொடுத்தாள். முறுக்குக் கொடுத்தாள். முறுக்கு எப்படிச் சுடுவது என்று சொன்னாள். பெட்டியைத் திறந்து கல்யாணப் புடவையை விரித்துக் காட்டினாள். சாமிப் படத்தை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். என்னைத் திருக்குறள் ஒப்பிக்கச் சொன்னாள், பிறகு கன்னடப் பாட்டு ஒன்று பாடச் சொன்னாள். எந்த விருந்தாளியையும் ஒரு வாய் தண்ணீரோடு அனுப்பிவிடுகிற என் அம்மா, அன்றைக்கு அவர்களைப் பசை போட்டு ஒட்டிவைக்கப் பார்த்தாள். வெள்ளைக்கார அம்மா 'போதும்' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டு அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா விடவில்லை. பேச்சு நிற்கும்போதெல்லாம் கேஜ் இறங்குகிற ஷாஃப்ட் இருக்கிற திசையில் காதை வைத்துக்கொண்டாள். சங்கு ஊதவே இல்லை. அதற்கு அதன் நேரம்.

டாக்டரம்மாவுக்கு ஏதோ சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். வெள்ளைக்கார அம்மா எதிர்வீட்டு அக்காவிடம் சைகையில் பேசிக்கொண்டிருந்தபோது, இவர் எழுந்து அடுப்படிக்குள்ளேயே வந்துவிட்டார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "உங்களுக்கு உடம்புல ஏதாவது இருக்காம்மா? இங்க நாம மூணு பேர்தான். நான் டாக்டர். பார்த்துச் சொல்றேன்" என்றார்.

அம்மாவின் கை மெல்ல மேலே போயிற்று. மாராப்பின்மேல் வந்து நின்றது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் கத்தினேன். அம்மா மாராப்பை இழுத்துச் சரியாகப் போர்த்திக்கொண்டாள்.

"நல்லா கீறேம்மா" என்றாள். "ரெண்டு மணி வரைக்கும் இருங்களேன். சோறு வடிக்கறேன். அவரு வந்துருவாரு. அவரு வந்ததுக்கு அப்பால எல்லாம் பேசலாம்."

டாக்டரம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் போல. புருஷன் வராமல் இவள் எதையும் பேசமாட்டாள் என்று நினைத்திருக்கலாம். தோளைத் தட்டிக் கொடுத்தார். வெளியே ஜீப் டிரைவர் ஹாரன் அடித்து, "ஹொத்தாயித்து மேடம்" என்று நேரமானதைக் கன்னடத்தில் சொன்னான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வேறு எங்கோ அவர்களுக்காகக் காத்திருந்தார்களாம். வெள்ளைக்கார அம்மா எங்கள் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மறுபடியும் வருவோம் என்று டாக்டரம்மா சொன்னார். லைன் பிள்ளைகள் ஜீப்புக்குப் பின்னால் ஓடினார்கள்.

ஜீப் போய் அடுப்பில் உலை கொதிக்கிற நேரத்தில் சங்கு ஊதியது.

அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். சங்கு ஊதினால் மட்டும் போதாது, ஆள் முகம் தெரிய வேண்டும். கேஜ் ஒவ்வொரு தடவையாக ஆட்களைக் கொண்டுவந்து கொட்டும். கடைசியில் நைனா சோற்றுப் பொட்டியோடு தெருமுனையில் திரும்பியதும் அம்மா என் முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். "ஓடுடி. அந்த டாக்டரம்மாவ எப்படியாவது இட்டுக்கினு வா. கட்டி கீதுன்னு சொல்லு. ஓடு!"

ஓடினேன். மெயின் ரோடு வரைக்கும் ஓடினேன். அங்கே லாரிக்குச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் ஜீப் எப்போதோ போய்விட்டது என்றார்கள். இன்னும் கொஞ்ச தூரம் சும்மா ஓடிவிட்டு, தனியாக நின்று அழுதேன். திரும்பி வந்தபோது நைனா கை கால் கழுவிக்கொண்டிருந்தார். எங்கே போனாய் என்று கேட்டார். "கடைக்கு" என்று அம்மா பதில் சொன்னாள். மீந்த முறுக்கைத் தட்டில் வைத்து அவரிடம் கொடுத்தாள்.

மறுபடியும் வருவோம் என்றார்களே, அதை அம்மா நம்பினாள். சொன்ன டாக்டரம்மாவும் நம்பித்தான் சொல்லியிருப்பார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் வேறு எத்தனை லைன், எத்தனை ஊர் பார்க்க வேண்டுமோ. அம்மா வாரா வாரம் நைனாவின் ஷிஃப்டைப் பார்த்து, இந்த வாரம் வந்தால் நல்லது, இந்த வாரம் வராமல் இருந்தால் தேவலை என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். வேர்க்கடலை எலுமிச்சம்பழமாயிற்று. ஒரு நாள் குடத்தை இடுப்பில் வைக்கும்போது கை வீங்கியிருந்ததை நைனாவே பார்த்துவிட்டார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அம்மா பயந்த அந்த ஆம்பளை டாக்டர் நர்ஸம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, தன் தாயைத் தொடுகிற மாதிரி தொட்டுப் பார்த்தார். பெங்களூருக்கு அனுப்பினார். அங்கே, இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல் விட்டுவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பின பிறகு, நானும் நைனாவும் மட்டும் இருந்த ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமை, முறுக்கு, ஜீப், டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது, எல்லாம். கோபத்தில் சொன்னேன். உன்னால்தான், நீ அடியில் இருந்ததால்தான் அம்மா வாயைத் திறக்கவில்லை என்றேன். அதுவரை 'நீங்க' என்று மட்டுமே பேசிய அப்பாவை 'நீ' என்று சொன்னேன்.

நைனா என்னைத் திட்டவில்லை. புரியாதவர் மாதிரி பார்த்தார்.

"நான் அடியில இருக்கசொல்ல கொறை பேசக் கூடாதா? யார் சொன்னது?"

"எல்லாரும்தான். லைன்ல எல்லாப் பொம்பளைங்களும்."

"எனக்குத் தெரியாதே" என்றார். "அடியில நாங்க வேற இன்னா பேசறோம்னு நெனச்ச? லெவல்ல பாறையோரமா உக்காந்து சோத்துப் பொட்டியத் தொறந்தா அதே பேச்சுதான். எவன் பொஞ்சாதிக்கு ஒடம்பு சரியில்ல, எவன் வூட்ல அரிசி இல்ல, எவன் புள்ளைக்கு ஜொரம். ஒருத்தன் சொல்லி அழுவான், இன்னொருத்தன் தைரியம் சொல்லுவான். அதனால எவனும் சாவல. பாறை அதுபாட்டுக்கு வுழுது." மூக்கைச் சிந்தினார். "எங்கிட்ட சொல்லியிருந்தா லீவு போட்டிருப்பேனே."

அதைச் சொல்லி முடித்துவிட்டு நைனா குழந்தை மாதிரி அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை. அம்மா யாருக்காக வாயை மூடிக்கொண்டாளோ அவருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. எதிர்வீட்டு அக்கா அத்தனை வருஷம் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததும் வீண். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அடுத்த ஷிஃப்டிலிருந்து நைனா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது பொட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் நின்று, "ஒடம்பு எப்படி கீது? ஏதாவது இருந்தா இப்பவே சொல்லு" என்பார். ரிட்டையர் ஆகிற வரைக்கும் ஒரு நாள்கூட அவர் கேட்காமல் போனதில்லை.

ஒரு மார்கழி மாதம் எனக்கு நெருப்பாய்க் காய்ச்சல். விடியற்காலையில் எழுந்து சோறு கட்டியதே பெரிய பாடு. கண்ணைத் திறக்க முடியவில்லை. நைனா வாசலில் நின்று வழக்கம் போலக் கேட்டார். சொன்னால் பொட்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அந்தச் சட்டம் பொய் என்று அவர் வாயாலேயே கேட்டவள் நான்.

"நல்லா கீறேன் நைனா. போய்ட்டு வாங்க" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இருட்டில் ஒன்றும் தெரிந்திருக்காது. சரி என்று போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.